முஸ்கதேயைச் சாப்பாட்டோடு குடியுங்கள்

முஸ்கதே என்ற பெயரைக் கேட்டவுடன் மஸ்கட் திராட்சையின் மணத்தை எதிர்பார்த்து இந்த ஒயினை வாங்குகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். பெயரின் ஒலியைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதுவும் இல்லை. மஸ்கட் ரோஜாவும் ஆரஞ்சுப் பூவும் மணக்கும். பல இடங்களில் அதை இனிப்பாகவே செய்கிறார்கள். முஸ்கதேயோ துளியும் இனிப்பில்லாதது, வெளிறிய நிறம் கொண்டது, மூக்கருகே கொண்டுபோனால் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நனைந்த கல் ஆகியவற்றின் மெல்லிய வாசனைக்கு மேல் எதையும் எளிதில் தராதது. பிரான்சின் மேற்கில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், நாந்த் நகரைச் சுற்றி, பெரும்பாலும் அதன் தெற்கிலும் கிழக்கிலும் விரியும் தோட்டங்களில் இது விளைகிறது. வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்து எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒயினைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம், இதைத் தவறாக மதிப்பிடுவது மிகவும் எளிது என்பதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் மதிப்பிட்டிருந்தேன்.

அப்போது நகரத்தின் ஓர் உணவு விடுதியில், வேனிற்கால மாலை ஒன்றில், சாப்பாடு வருவதற்கு வெகு நேரம் முன்பே ஒரு கோப்பை முஸ்கதேயைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது போதிய குளிர்ச்சியில் இல்லை. உடன் கடிக்க ஒன்றும் இல்லை. குடித்தபோது புளிப்பும் தண்ணீரும் மட்டுமே நாக்கில் நின்றன. பிரான்சின் மற்ற பகுதிகளிலிருந்து வந்த நண்பர்கள் சிலர் இதை மலிவான ஒயின் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு என்பது ஒரு டஜன் சிப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்த நாளில்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த ஒயின் ஏன் இப்படி இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முஸ்கதே என்பது ஊரின் பெயரும் இல்லை, திராட்சையின் பெயரும் இல்லை. பிரான்சின் ஒயின்கள் பெரும்பாலும் தாம் விளையும் மண்ணின் பெயரைத் தாங்கி நிற்பவை என்பதால், இது ஒரு விதிவிலக்கு. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். பெயர் சொல்வது போலவே அது கிழக்கே பூர்கோஞ் பகுதியிலிருந்து வந்தது; இன்று பிறந்த இடத்தில் அதை அபூர்வமாகவே காண முடிகிறது. 1990களின் இறுதியில் வெளிவந்த மரபணு ஆய்வுகள் பினோ, குவே பிலான் என்னும் இரண்டு பழைய திராட்சை வகைகள் இயற்கையாகக் கலந்து பிறந்ததே இந்த மெலோன் என்று காட்டின. அதே பெற்றோருக்குப் பிறந்த இன்னொரு பிள்ளைதான் உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஷார்தொனே. உடன்பிறந்தவை இரண்டில் ஒன்று எல்லா நாடுகளுக்கும் போனது, மற்றது இந்த ஓர் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டது.

மெலோன் இங்கே வேரூன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் காய்ச்சி வடிப்பதற்கு ஏற்ற, மணம் குறைந்த வெள்ளை ஒயினை நாந்த் துறைமுகத்தில் பெருமளவில் வாங்கினார்கள். அதற்காக வெள்ளைத் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன. பிறகு 1709-ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலம் வந்தது. ஆறுகள் உறைந்தன, கொடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. குளிரைத் தாங்கக்கூடியது என்று பெயர் பெற்றிருந்த மெலோனைக் கொண்டு மீண்டும் நடவு நடந்தது. குளிரைத் தாங்கும் அதே கொடி வசந்தகாலத்தில் சீக்கிரம் துளிர்விடுகிறது என்பது இதன் சோகம். ஏப்ரல் மாதத்து உறைபனி அந்தத் துளிர்களைக் கருக்கிவிடுகிறது. 1991-லும் 2021-லும் அப்படித்தான் நடந்தது. 2021 ஏப்ரலில் இரவு முழுவதும் தோட்டங்களில் மெழுகு விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்ததைச் சாலையோரத்திலிருந்து பார்த்தேன்; வாணவேடிக்கை போல அழகாக இருந்த அந்தக் காட்சியின் பொருள் என்ன என்பது மறுநாள் காலையில் கருகிய துளிர்களைக் கண்ட பிறகே எனக்குப் புரிந்தது.

இந்த ஒயினின் இரகசியம் என்று ஒன்று இருந்தால், அது புட்டியின் மேல் எழுதியிருக்கும் "சூர் லீ" என்ற இரண்டு சிறு சொற்களில் இருக்கிறது. "வண்டலின் மேல்" என்று பொருள். திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும், சர்க்கரையைத் தின்று வேலையை முடித்த ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் மாவு போலப் படிகிறது. பெரும்பாலான வெள்ளை ஒயின்களில் அந்த வண்டலை விட்டு ஒயினைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே மாற்றுவதில்லை. ஒயின் ஒரு குளிர்காலத்தையேனும் அந்த வண்டலின் மேல் அப்படியே கழித்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டில், அதே தொட்டியிலிருந்து நேராகப் புட்டிக்குப் போக வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் செத்த ஈஸ்டின் செல்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, தம்முள் இருந்த புரதப் பொருள்களையும் மாச்சத்து வகைகளையும் ஒயினுக்குள் விடுகின்றன. வெறும் புளிப்பாக நின்றிருக்க வேண்டிய ஒயினுக்கு ஒரு சதைப்பற்றும், ரொட்டி மாவை நினைவூட்டும் வாசனையும், முடிவில் நாக்கில் தங்கும் ஓர் உவர்ப்பும் வருவது இதனால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டி மாற்றாததால், நொதித்தலில் பிறந்த கரியமில வாயுவில் சிறிதளவு ஒயினிலேயே தங்கிவிடுகிறது. புதிய முஸ்கதேயைக் குடிக்கும்போது நாக்கின் நுனியில் ஊசி முனை பட்டது போல ஒரு குறுகுறுப்பு தெரிவது அதுதான்.

கோர்ஜ் என்னும் ஊருக்கு அருகில் உள்ள ஒரு தோட்டக்காரரின் நிலவறைக்குச் சென்றிருந்தேன். நிலவறை என்று சொன்னாலும் படியிறங்கிப் போகும் குகையை அங்கே தேட வேண்டாம். தரை மட்டத்தில் உள்ள ஒரு பெரிய கொட்டகை, அவ்வளவுதான். ஆனால் அதன் தரையில் ஆங்காங்கே வட்ட மூடிகள் இருந்தன. ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். கீழே கண்ணாடி ஓடு பதித்த சிமெண்டுத் தொட்டி, அதற்குள் ஒயின். நாந்த் வட்டாரத்தின் பழைய வழக்கம் இது. பூமிக்கடியில் இருப்பதால் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்குவதில்லை, மரப்பீப்பாயின் வாசனையும் ஒயினில் ஏறுவதில்லை. "நாங்கள் இதற்குள் எதையும் சேர்ப்பதில்லை, ஐயா. காத்திருக்கிறோம்" என்றார் அவர். நீண்ட குழாய் ஒன்றினால் உறிஞ்சி எடுத்து எனக்கு ஊற்றிய ஒயின் வண்டலால் சற்றுக் கலங்கியிருந்தது. அது அதற்கு முந்தைய ஆண்டின் அறுவடை. இன்னும் ஓராண்டுக்கு மேல் அந்த இருட்டில் இருக்கப் போவதாகச் சொன்னார்.

இனி சிப்பிகளுக்கு வருகிறேன். நாந்த் நகரத்தின் தலான்சாக் சந்தை 1937-இல் கட்டப்பட்ட கூரைச் சந்தை. அங்கே லுவாரின் முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள பூர்நெஃப் விரிகுடாவிலிருந்தும், வடக்கே பிரத்தாஞ் கடற்கரையிலிருந்தும், இன்னும் தெற்கே மரேன் ஒலெரோனிலிருந்தும் சிப்பிகள் வருகின்றன. குழிவான ஓடு கொண்ட சிப்பிகளுக்கு எண் போடுவார்கள். எண் கூடக்கூடச் சிப்பி சிறிதாகும். எல்லாரும் வாங்குவது மூன்றாம் எண், ஒன்று 66 முதல் 85 கிராம் வரை எடை இருக்கும். மரேன் ஒலெரோன் சிப்பிகளைக் கடலிலிருந்து எடுத்த பிறகு, பழைய உப்பளப் பாத்திகளான ஆழமற்ற களிமண் குட்டைகளில் சில வாரங்கள் விட்டுவைக்கிறார்கள். அங்கே வளரும் ஒரு நுண்பாசியால் சிலவற்றின் செவுள்கள் பச்சை நிறம் பெறுகின்றன. அவற்றின் சுவை மென்மையானது, சற்று இனிப்பைத் தொட்டு நிற்பது. பிரத்தாஞ் சிப்பிகள் அதைவிடக் கடுமையானவை; கடலையே ஒரு வாய் விழுங்கியது போல இருக்கும்.

நான் முஸ்கதேயை மீண்டும் சந்தித்தது அலுவலகத் தோழர் ஒருவரின் வீட்டில், ஒரு டிசம்பர் மாதத்தில். சிப்பிகளை உடைத்து, பனிக்கட்டியின் மேல் அடுக்கி, ரை மாவு ரொட்டியும் கெராந்து உப்பு போட்ட வெண்ணெயும் அருகில் வைத்திருந்தார்கள். முதலில் சிப்பியை அதன் நீரோடு வாயில் இட்டு, இரண்டு கடி கடித்து விழுங்கிய பிறகு, குளிர்ந்த முஸ்கதேயை ஒரு மிடறு குடித்தேன். எனக்கு முன்பு குறையாகத் தெரிந்த எல்லாமே அந்த மிடற்றில் தேவையாக மாறிவிட்டன. புளிப்பு, எலுமிச்சை பிழிந்தாற்போல, சிப்பியின் கொழகொழப்பை வெட்டியது. சிப்பியின் உப்பு ஒயினின் புளிப்பை அடக்கி, அதற்குள் ஒளிந்திருந்த பழச்சுவையை வெளியே கொண்டுவந்தது. மணம் அதிகம் இல்லாததால் ஒயின் சிப்பியின் மணத்தோடு போட்டியிடவில்லை. வண்டலில் இருந்து வந்த உவர்ப்பு, கடலின் உவர்ப்போடு ஒட்டிக்கொண்டது. அன்று நான் உணர்ந்தது இன்றுவரை மாறவில்லை: முஸ்கதேயைத் தனியாகக் குடித்து மதிப்பிடுவது, சோறு இல்லாமல் ரசத்தை மட்டும் மதிப்பிடுவதைவிடவும் பெரிய அநீதி. ரசத்தைத் தனியாகக் குடித்தாலும் ருசிக்கும். இந்த ஒயினில் பாதி, சாப்பாட்டுக்குள் இருக்கிறது.

சிப்பிக்குச் சிவப்பு ஒயின் ஏன் பொருந்துவதில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறேன். சம்பிரதாயம் என்றுதான் பதில் வரும். அதற்கு ஒரு வேதியியல் காரணமும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒயினில் இரும்புச் சத்து கூடுதலாக இருந்தால், கடலுணவோடு சேரும்போது விரும்பத்தகாத மீன் கவுச்சி வாயில் எழுகிறது என்று கண்டார்கள். சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு சற்றுக் கூடுதல். எல்லாப் பொருத்தங்களையும் ஒரு தனிமத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஆனாலும் பழைய மீனவக் குடும்பங்களின் நாக்கு அறிந்திருந்ததை ஆய்வகம் பின்னர் உறுதிசெய்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. சிப்பியின் மேல் காடியும் நறுக்கிய வெங்காயமும் கலந்த சாற்றை ஊற்றுகிற வழக்கத்தை மட்டும் நான் கைவிட்டுவிட்டேன். காடியின் புளிப்பு ஒயினின் புளிப்பைக் கொன்றுவிடுகிறது. மிளகுத் தூள் ஒரு சிட்டிகை போதும்.

இந்த வட்டாரத்தின் சமையலில் முஸ்கதேயோடு பிரிக்க முடியாமல் பிணைந்த இன்னொன்று பேர் பிலான். "வெள்ளை வெண்ணெய்" என்று பொருள்படும் இந்தக் குழம்பை, நாந்துக்குக் கிழக்கே லுவார் கரையில் உள்ள சேன் ஜூலியேன் த கோன்செல் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறு உணவு விடுதி நடத்திய கிளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற அம்மையார் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார்கள். பெயார்னேஸ் என்னும் குழம்பைச் செய்யப்போய் முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்க்க மறந்ததால் பிறந்தது இது என்பது ஊர்க்கதை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. நம் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய உறவான எஷலோத்தை மிகப் பொடியாக நறுக்கி, ஒரு கோப்பை முஸ்கதேயும் அதில் கால் பங்கு காடியும் விட்டு, ஈரம் ஏறக்குறைய வற்றும் வரை மெல்லிய தீயில் வைக்க வேண்டும். பிறகு குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றாகப் போட்டு, கை ஓயாமல் கலக்க வேண்டும். "கொதிக்க விட்டீர்கள் என்றால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாகிவிடும். தீயைப் பார்க்காதீர்கள், பாத்திரத்தின் அடியைக் கையால் தொட்டுப் பாருங்கள், தொட முடிய வேண்டும்" என்றார். நான்கு முறை பிரிந்துபோன பிறகே ஐந்தாம் முறை எனக்குக் கூடிவந்தது.

அந்த வெண்ணெய்க் குழம்பை லுவார் ஆற்றில் பிடித்த மீனின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். முன்பு ப்ரோஷே என்னும் கூர்வாய் மீனும், வசந்தகாலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் அலோஸும் வழக்கமாக இருந்தன. இப்போது விடுதிகளில் சாந்த்ர் மீனே அதிகம் கிடைக்கிறது. குழம்பில் வற்றவைத்த அதே ஒயினைக் கோப்பையிலும் ஊற்றிக்கொள்ளும்போது, வெண்ணெயின் கனத்தை ஒயின் ஒவ்வொரு மிடற்றிலும் துடைத்து எடுத்துவிடுகிறது. உண்மையில் சிப்பியைவிட இந்த இணையையே நான் மேலாக மதிக்கிறேன். சிப்பியோடு முஸ்கதே பொருந்துவது இருவருக்கும் கடல் பொதுவாக இருப்பதால். இங்கே பொருந்துவது எதிர்ப்பதால்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒயினும் வெங்காயமும் போட்டு வேகவைத்த கருநிற மட்டிகள், கரியடுப்பில் சுட்ட மத்தி மீன், சாதாரணமாகப் பொரித்த சிறு மீன்கள், இறால், ஆட்டுப்பாலில் செய்த புதுச் சீஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் இது உகந்தது. குளிர்காலத்தில் நாந்த் தோட்டங்களிலிருந்து வரும் மாஷ் என்னும் சிறிய கீரையைப் பச்சையாகக் கலந்து சாப்பிடும்போதும் இதையே குடிக்கலாம், காடியைக் குறைத்துக்கொண்டால். கொழுப்பில் மெல்ல வெந்த பன்றி இறைச்சிப் பசையான ரியேத்தோடு நன்றாக இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திராட்சை அறுவடைக் காலத்தில், லா ஏ ஃபுவாசியேர் என்ற ஊரின் பெயரிலேயே இடம்பிடித்த ஃபுவாஸ் என்னும் நட்சத்திர வடிவ ரொட்டியை முஸ்கதேயோடு சாப்பிடுவது இங்கே பழைய வழக்கம். இனிப்புப் பண்டங்களோடு குடித்தால் ஒயின் வெறும் புளியாகிவிடும். மாட்டிறைச்சிக்கு முன்னால் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும்.

என் வீட்டுச் சமையலோடும் வைத்துப் பார்த்திருக்கிறேன். மிளகும் உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிப் பொரித்த நெத்திலியோடு மிக நன்றாக இருந்தது. புளியும் மிளகாய்த் தூளும் சேர்ந்த மீன் குழம்புக்கு முன்னால் ஒயின் அழிந்துபோயிற்று. குற்றம் குழம்பின் மேலும் இல்லை, ஒயினின் மேலும் இல்லை; புளிப்பின் மேல் புளிப்பை வைத்ததே பிழை.

இதுவரை சொன்னது இளமையான, பத்து யூரோவுக்குள் கிடைக்கும் முஸ்கதேயைப் பற்றி. இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. நான் இந்தப் பதிவை எழுதக் காரணங்களில் பாதி அதுதான். 1936-இல் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட செவ்ர் எ மேன் பகுதியில், இரண்டு சிற்றாறுகளின் பெயர் தாங்கிய தோட்டங்களில், பாறை ஊருக்கு ஊர் மாறுகிறது. கிலிசோனில் கருங்கல். கோர்ஜில் பூமிக்கடியில் மெல்ல இறுகிக் கருமை பெற்ற கப்ரோ என்னும் பாறை, அதன் மேல் களிமண். தத்துவஞானி அபெலார் 1079-இல் பிறந்த ஊரான லெ பாலேயில் வேறு கலவை. இந்த மூன்று ஊர்களின் ஒயின்களும் தனித் தரமுள்ளவை என்று 2011-இல் அங்கீகாரம் பெற்றன. பின்னர் கூலேன், ஷத்தோ தேபோ போன்றவையும் சேர்ந்தன. இவற்றில் கொடிக்கு விளைச்சல் குறைவு, வண்டலின் மேல் இருக்கும் காலம் அதிகம். கிலிசோனிலும் கோர்ஜிலும் குறைந்தது இரண்டு ஆண்டுகள். மலிவான ஒயின் என்ற பெயரால் இரண்டு தலைமுறைகள் நொந்துபோன ஊர்களில், சிலர் விடாப்பிடியாக நின்று இதைச் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு உள்ள மரியாதை மிகப் பெரியது.

அந்த ஒயின்கள் நிறத்தில் சற்றுப் பொன்னிறம், வாசனையில் பழுத்த சீமைமாதுளையும் தேன்மெழுகும், சில நேரம் லேசான புகையும். பத்து ஆண்டுகள் வைத்திருந்தாலும் கெடுவதில்லை. இவற்றைச் சிப்பியோடு வீணாக்க வேண்டாம் என்பேன். வெண்ணெயில் இரு பக்கமும் பொன்னிறமாக வாட்டிய சேன் ஜாக் (விசிறி வடிவ ஓடு கொண்ட வேறொரு வகைச் சிப்பி) சதை, காளான் போட்டு வதக்கிய கோழி, ஒடியும் அளவுக்கு முதிர்ந்த கடினமான சீஸ் ஆகியவையே இவற்றின் இடம். இளைய முஸ்கதேயை 8 முதல் 10 டிகிரி வரை குளிர்வித்துக் குடிக்க வேண்டும் என்றால், இவற்றை 12 டிகிரிக்கு விட்டுவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாய் மூடிய ஒயினைத்தான் குடிப்பீர்கள். அகலமான கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவைத்தாலே வேறு ஒயினாக மாறும்.

அன்று அந்தத் தோட்டக்காரர் குழாயில் எடுத்து ஊற்றிய கோர்ஜ் ஒயின், அதன் இரண்டு குளிர்காலங்களையும் முடித்துப் புட்டிக்கு வந்துவிட்டது. ஆறு புட்டிகள் வாங்கினேன். ஒன்றைத் திறந்து பார்த்தேன், இன்னும் இறுக்கமாகவே இருந்தது. மற்ற ஐந்தும் படிக்கட்டின் கீழ் இருக்கின்றன. அக்டோபர் முதல் தேதி சேன் ஜாக் சிப்பிகள் பிடிக்கும் பருவம் தொடங்குகிறது; அந்த வாரக் கடைசியில் இரண்டாவதைத் திறப்பதாக இருக்கிறேன்.